உப்புக் காற்றில் ஒரு கரி இன்ஜின்: சத்தம், புகை, லைட்

வணக்கம் மக்களே, மண்டபத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைச்சல் கேட்கிறதே, அது கச்சான் காற்று. ஜன்னலைச் சாத்தினால் சால்டரிங் புகை மூக்கில் ஏறும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருப்பது எச்ஓ அளவு மாடல் கரி இன்ஜின், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இதற்குள் சத்தம், புகை, லைட் மூன்றையும் இன்றைக்குப் பொருத்தப் போகிறேன். சக்கர அமைப்பு 4-6-2, அதாவது முன்னால் 4 சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் 6, பின்னால் 2. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்பி இன்ஜினுக்கும் இதே அமைப்புதான், அந்த ஆசையில் வாங்கியது.

முதல் வேலை சக்கரம். டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளம் வழியாகக் கரண்டும் வருகிறது, கட்டளையும் வருகிறது. அந்தக் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டார், லைட், சத்தத்தை இயக்கும் சின்னச் சர்க்யூட் போர்டுதான் டிகோடர். தொடர்பு ஒரு நொடி விட்டாலும் சத்தம் அறுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கிட்டே வந்து பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் உரசும் இந்தச் செப்புத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. பெட்டிக்குள்ளேயே இருந்ததுதான், ஆனாலும் நம்ம ஊர்க் காற்று விடாது. பழைய பாம்பன் பாலத்தையே துரு அரித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். சால்டரிங்குக்கும் ரோசின் பேஸ்ட் மட்டும் போடுங்கள், ஆசிட் பேஸ்ட் போட்டால் கடற்கரையில் பற்ற வைத்த இடமே சீக்கிரம் பச்சையாகிவிடும்.

அப்புறம் மோட்டார். டிகோடரின் சிவப்பு, கருப்பு ஒயர் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சு, சாம்பல் மோட்டாருக்கு. மோட்டாரின் இரண்டு முனையும் சேசிஸை, அதாவது இன்ஜினின் உலோக அடிச்சட்டத்தை, தொடவே கூடாது. போன வருஷம் ஒரு முனை தொட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, கரண்ட் கொடுத்த மாத்திரத்தில் டிகோடர் கருகி நாற்றம் வந்தது, அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. மல்டிமீட்டரை பீப்பில் வைத்து ஒரு முனையை மோட்டாரிலும் இன்னொன்றைச் சேசிஸிலும் வையுங்கள். சத்தம் வரவில்லையா, சரி, மேலே போகலாம்.

லைட் சுலபம். நீல ஒயர் பொதுவான பிளஸ், எல்இடியின் நீளக் கால் அதற்கு, குட்டைக் கால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வெள்ளை ஒயருக்கு. மஞ்சள் சாயலுள்ள வார்ம் ஒயிட் வாங்குங்கள், பளீர் வெள்ளை கரி இன்ஜினுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஸ்பீக்கரை டெண்டருக்குள், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டிக்குள் வைக்கிறேன். வெறும் ஸ்பீக்கரை ஒட்டினால் முன்னால் வரும் சத்தத்தைப் பின்னால் வரும் சத்தம் தின்றுவிடும், கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். பின்பக்கம் காற்றுப் போகாமல் சின்னப் பெட்டி அடைத்துவிட்டேன், இப்போது நெஞ்சில் அடிக்கிறது.

புகை யூனிட் என்பது சூடாகும் கம்பி உள்ள ஒரு குழாய், அவ்வளவுதான். ஆனால் 100 மில்லியாம்பியருக்கு மேலேயே இழுக்கும், அதனால் டிகோடரிலிருந்து புகைக்குப் போகும் ஒயர் அவ்வளவு தாங்குமா என்று பார்த்துவிட்டு இணையுங்கள், பிளாஸ்டிக் பாடியில் ஒட்டி நிற்க விடாதீர்கள். புகைக்கான எண்ணெய் பாதிக் குழாய் போதும், விளிம்பு வரை ஊற்றினால் புகையே வராது. காய்ந்த நிலையில் ஓட்டினால் கம்பி போய்விடும்.

ஓட்டும் மெயின் லைனில் வைப்பதற்கு முன்னால், டிகோடரைச் சோதிக்கும் தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வைக்கிறேன், அங்கே கரண்ட் குறைவு, ஒயர் மாறியிருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். இன்ஜினைக் கூப்பிடும் எண், அதாவது முகவரி, 3. எல்லாம் சரி, இனி மெயின் லைனுக்கு மாற்றுகிறேன். சத்தத்துக்கான பொத்தான்கள், எஃப் ஒன்று, எஃப் இரண்டு... கேட்கிறதா! சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு முறை ‘சுக்’ வர வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார். பாம்பன் பாலத்தில் கரி இன்ஜின் போனதைச் சின்ன வயதில் பார்த்தவர். ரெண்டு சுற்று பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “பாலத்துல இம்புட்டு வேகமாப் போகாதுடா. ஊர்ந்து போகும், ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக் கேக்கும்.”

சரிப்பா. உச்ச வேகத்துக்கான டிகோடர் அமைப்பு, சிவி 5-ஐக் குறைக்கிறேன், இருங்கள்.