பத்தாவது பாஸாயாச்சு, இனி என்ன க்ரூப்? (பெற்றோர் கூட்டத்துல பேசுனது)

எல்லாருக்கும் வணக்கம். மேடைல இருக்கிறவங்க பேரெல்லாம் தலைவர் சொல்லிட்டார், நான் திரும்பச் சொல்லல. 26 வருஷம் ப்ளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் எடுத்திருக்கேன், அதுல பாதிக்கு மேல மே மாசம் அட்மிஷன் டேபிள்ல உக்காந்திருக்கேன். அங்க நான் கேட்கிறது "என்ன க்ரூப் வேணும்"னு ஒரே கேள்விதான். பிள்ள அப்பா முகத்தப் பாக்கும், அப்பா பக்கத்து வீட்டுக்காரர் முகத்தப் பாப்பார், கடைசில "எல்லாரும் எடுக்கிறத குடுங்க சார்"ம்பாங்க. ரெண்டு வருஷ படிப்பு அஞ்சு நிமிஷத்துல முடிவாயிரும். சேலை எடுக்கவே நம்ம வீட்ல அரை நாள் ஆகும்.

15 வயசுப் பிள்ளைகிட்ட "நீ என்னவா ஆகப்போற"ன்னு கேட்டு அத வச்சு க்ரூப் எடுக்கிறது எனக்குச் சம்மதமில்ல, அந்த வயசுல எனக்கே டிரைவர் ஆகணும்னுதான் இருந்துச்சு. நம்ம கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டையே எடுத்துக்கோங்க. மதுரை பஸ்ல ஏறினா வேணும்னா வழியில சாத்தூர்ல இறங்கிக்கலாம். சாத்தூர் பஸ்ல ஏறிட்டு உள்ள உக்காந்து மதுரைக்கு டிக்கெட் கேட்டா கண்டக்டர் சிரிப்பார். க்ரூப்பும் அப்படித்தான். கணக்கு இருக்கிற க்ரூப் படிச்சவன் பின்னாடி பி.காம் போகலாம், லா போகலாம், பி.ஏ. போகலாம். கணக்கு இல்லாத க்ரூப் படிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்து நின்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு பையன் என்கிட்ட ப்யூர் சயின்ஸ் படிச்சான், அதாவது கணக்கு இல்லாத சயின்ஸ் க்ரூப், பாட்டனி ஸுவாலஜி எல்லாத்துலயும் 90க்கு மேல. ரிசல்ட் அன்னிக்கு வந்து "சார் மெக்கானிக்கல் சேரலாம்னு இருக்கேன்"னான். ரெண்டு வருஷமா அவனுக்கு யாருமே இத சொல்லல, நான் உட்பட. அந்த நாள் இன்னும் எனக்கு உறுத்துது.

அதுக்காக எல்லாரும் மதுரை பஸ்லயே ஏறுங்கன்னு சொல்லல, டிக்கெட் வெல ஜாஸ்தி. பத்தாவது கணக்குல தட்டுத் தடுமாறி 50 வாங்குன பிள்ளய "பயோ மேத்ஸ் எடு, டாக்டர், இன்ஜினியர்னு ரெண்டு பக்கமும் போகலாம்"னு தள்ளிவிட்டா அது கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜின்னு நாலு பெரிய பாடத்துக்கு நடுவுல மூச்சு திணறும், கடைசில எந்தப் பக்கமும் மார்க் வராது. டாக்டர்தான் வேணும், கணக்கு பிடிக்கலன்னா ப்யூர் சயின்ஸ் தாராளமா போதும். டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சைல கணக்கு கிடையாது, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் சேத்து 720 மார்க், அதுல பயாலஜி மட்டும் 360. நீட் வரலன்னாலும் வெட்னரிக்கு நம்ம ஸ்டேட் சீட்டு ப்ளஸ் டூ மார்க்லதான் போடுறாங்க, நர்சிங் இருக்கு, அக்ரி இருக்கு.

அப்புறம் நெறைய பேருக்கு இருக்கிற ஒரு தப்பான நெனப்பு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் வேணும்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப்புதான் எடுக்கணும்னு. இல்லவே இல்ல. 2007ல என்ட்ரன்ஸ் பரீட்சை போனதுலேந்து இங்க இன்ஜினியரிங் கட் ஆஃப், அதாவது சீட்டுக்குப் பாக்குற மார்க், 200க்குத்தான், கணக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. கம்ப்யூட்டர் பாடத்துல நீங்க 100 வாங்கினாலும் 40 வாங்கினாலும் அதுல ஒரு புள்ளி கூட சேராது. இன்னொண்ணு பாருங்க, கணக்குல 10 மார்க் விட்டா கட் ஆஃப்ல 10 போச்சு, ஃபிசிக்ஸ்ல 10 விட்டா 5தான் போகும். ஃபிசிக்ஸ் வாத்தியார் நானே சொல்றேன், டியூஷனுக்குக் காசு கம்மியா இருந்தா கணக்குக்கு அனுப்புங்க.

காமர்ஸ பத்தி பேசும்போது நம்மாளுங்க குரலே எறங்கிரும், ஏதோ துக்க வீட்டுக்குப் போற மாதிரி. அது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆடிட்டர் வேலைக்கு ஆள் பத்தாம இருக்கு. ஆனா ஒண்ணு, கணக்கு வரலன்னு காமர்ஸுக்கு ஓடி வந்து ஆடிட்டர் ஆகுற சி.ஏ. எழுதலாம்னு நெனச்சா ஏமாந்து போவீங்க, அதோட மொத பரீட்சையான ஃபவுண்டேஷன்லயே பிசினஸ் மேத்ஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் ஒரு தனி பேப்பர். காமர்ஸ்லயே பிசினஸ் மேத்ஸ் இருக்கிற செட் உங்க ஸ்கூல்ல இருந்தா அத எடுக்கச் சொல்லுவேன். அஞ்சு வருஷ லாவுக்கு எந்த க்ரூப்பும் ஓகே. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன்ல நடத்துற டேட்டா சயின்ஸ் பி.எஸ்.க்கு கூட ப்ளஸ் டூல எந்த க்ரூப்பும் இருக்கலாம், பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும், அவங்க வைக்கிற க்வாலிஃபையர்ங்கிற தகுதிப் பரீட்சைய தாண்டணும். இது தெரியாம காமர்ஸ் பிள்ளைங்க எத்தன பேர் "எனக்குக் கம்ப்யூட்டர் ஃபீல்டே இல்ல"ன்னு இருக்காங்க தெரியுமா.

பாலிடெக்னிக் பத்தி ஒரு வரி. பத்தாவதோட மூணு வருஷ டிப்ளமோ, அப்புறம் இஷ்டப்பட்டா லேட்டரல் என்ட்ரில நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். கையில வேல சுத்தமா இருக்கிற பையனுக்கு அது நல்ல வழி.

இப்ப முக்கியமான விஷயம், கொஞ்சம் கவனிங்க அண்ணாச்சி. அரசுப் பள்ளில படிக்கிற பிள்ளய பத்தாவது முடிச்சதும் ப்ளஸ் ஒன்னுக்குப் பிரைவேட்டுக்கு மாத்துறது இப்ப ஃபேஷன். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க, காலேஜ் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு. 2020ல மெடிக்கலுக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லாவுக்கும் வந்துச்சு. அஞ்சு வருஷம் அரசுப் பள்ளில இருந்துட்டு கடைசி ரெண்டு வருஷத்துக்கு டி.சி. வாங்கிட்டா அத்தனையும் போச்சு. பிரைவேட்டுக்கு ஃபீஸ் கட்டி அந்த ஒதுக்கீட்டையும் விட்டுட்டு வர்றது எனக்குப் புரியாத கணக்கு. சரி, உங்க ஊர் ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் டீச்சர் போஸ்ட் காலியா இருக்குன்னா அது வேற கதை, அத நான் மறுக்கல, போய் விசாரிங்க.

எந்த ஸ்கூலா இருந்தாலும் இன்னொண்ணு விசாரிங்க, ப்ளஸ் ஒன் பாடத்த முழுசா நடத்துவாங்களான்னு. எங்க காலத்துல ப்ளஸ் ஒன் சேர்ந்த மூணாம் மாசமே ப்ளஸ் டூ புக்க கையில குடுத்துருவாங்க, ரெண்டு வருஷமும் அதே பாடம்தான், மார்க் கொட்டும். அத நிறுத்தத்தான் 2018ல ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் வச்சாங்க. இப்ப அந்த பப்ளிக்க எடுத்துட்டாங்க. பிள்ளைகளுக்கு டென்ஷன் கொறஞ்சது நல்லதுதான், ஆனா பழைய ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும்னு எனக்குப் பயம். நீட்டும், ஐ.ஐ.டி. மாதிரி இன்ஜினியரிங் காலேஜுக்கான ஜே.இ.இ.யும் ப்ளஸ் ஒன் பாடத்தயும் சேத்துத்தான் கேக்குது. ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல வர்ற மெக்கானிக்ஸ் தெரியாம காலேஜ் போன பிள்ளைங்க மொத வருஷமே அரியர் வச்சத நானே பாத்திருக்கேன், அதுல நான் சொல்லிக்குடுத்த பிள்ளைங்களும் உண்டு.

கடைசியா பிள்ளைங்களுக்கு. க்ரூப் எடுத்து ரெண்டு வாரம் கிளாஸ்ல உக்காந்து பாருங்க. சுத்தமா ஒட்டலன்னா வீட்ல மறைக்காம உடனே சொல்லுங்க, வேற க்ரூப்ல எடம் இருந்தா மாத்திக் குடுப்பாங்க. காலாண்டு வரைக்கும் இழுத்தீங்கன்னா அங்க நடத்துன பாடமெல்லாம் ஓடிப்போயிரும், எந்த எச்.எம்.மும் மாத்த யோசிப்பார். அப்பா திட்டுவார்னா என் நம்பர் ஆபீஸ்ல இருக்கு, நான் பேசுறேன். இப்ப மூணாவது வரிசைல ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்கிற அந்தப் பாப்பாகிட்ட மைக்க குடுங்க.