குத்தாத ஊசியும் குழம்பிய குடலும்

[திரையில்: ஓர் ஊசியின் நெருக்கக் காட்சி. தோலில் பட்டதும் கம்பி கைப்பிடிக்குள் மறைகிறது.]

நாடகக் கத்தி பார்த்திருப்பீர்கள். குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும். இந்த ஊசியும் அப்படித்தான். முனை மழுங்கல். குத்தியதுபோல உணர்வு வரும், ஆனால் தோலில் துளை விழாது. உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபஞ்சர் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளுக்காகவே செய்த போலி ஊசி.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர் டெட் காப்சக் குழு இதை ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) நோயாளிகள் 262 பேரிடம் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டது. ஐபிஎஸ் தெரியுமல்லவா? அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம். சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றுப்போக்கு. பஸ் ஏறுமுன் கழிப்பறையைத் தேட வைக்கும் நோய். ஸ்கேனில் மட்டும் ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

[திரையில்: மூன்று நாற்காலிகள்.]

முதல் பிரிவினர் சிகிச்சையின்றிக் காத்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குப் போலி ஊசி மட்டும். பேச்சு மிகக் குறைவு. மூன்றாம் பிரிவினருக்கு அதே போலி ஊசி, கூடவே முதல் நாளில் 45 நிமிட உரையாடல். சிகிச்சையாளர் பரிவோடு கேட்டார். நாடி பிடித்தபடி 20 விநாடி பேசாமல் யோசிப்பதுகூடத் திட்டத்தில் இருந்தது!

மூன்று வாரம் கழித்து, போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். ஓர் ஊசிகூட உள்ளே போகவில்லை.

அப்படியென்றால் உண்மையான ஊசி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்த 2012 மதிப்பாய்வில், அது போலி ஊசியை வெல்லவில்லை. அதே ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வில் 233 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை என 10 முறை அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களுக்குத் தொல்லை குறைந்தது. ஆனால் அங்கே போலி ஊசியோடு ஒப்பீடு இல்லை. பலன் ஊசியாலா, கவனிப்பாலா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. கவனிப்பால்தான் என்பது என் ஊகம்.

இதைக் கேட்டு "எல்லாம் மனப்பிரமை" என்று சிரிக்க வேண்டாம். குடலும் மூளையும் நரம்புவழி ஓயாமல் பேசிக்கொள்பவை. பதற்றத்தில் வயிறு கலங்குவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

[திரையில்: உறை பிரிக்காத ஊசிகள்.]

துணைச் சிகிச்சையாக அக்குபஞ்சருக்குப் போகலாம். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா என்று கேளுங்கள். "மாத்திரையை நிறுத்து" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள், ஊசி காத்திருக்கும்.