லிண்ட்னர் கொண்டுவந்த கணக்கு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க நாடகம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இரண்டைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டிலும் வருவது ஒரே வீடுதான்: சிகாகோவில், கிளைபோர்ன் பார்க் என்ற கற்பனைக் குடியிருப்பில்.

முதலாவது, லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்'. 1959 மார்ச்சில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் ஒன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடை ஏறியது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 28.

யங்கர் குடும்பத்தின் தலைவர் இறந்து, 10,000 டாலர் காப்பீட்டுப் பணம் வருகிறது. மகனுக்கு மதுக்கடை வைக்க ஆசை. மகளுக்கு டாக்டராக ஆசை. அம்மா லீனாவோ யாரிடமும் சொல்லாமல் 3,500 டாலர் முன்பணம் கட்டி, வெள்ளையர் மட்டுமே வாழும் தெருவில் வீடு வாங்கிவிட்டு வந்து நிற்கிறார். போயும் போயும் அங்கேயா என்று வீடே பதறுகிறது. அவர் புரட்சி எதுவும் பேசவில்லை. கறுப்பர்களுக்கென்று எங்கோ தள்ளிக் கட்டுகிற வீடுகளுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். இருக்கிற காசுக்கு நல்ல வீடு இங்கேதான் கிடைத்தது என்கிறார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் லிண்ட்னர் வருகிறார், அந்தப் பகுதி வெள்ளையர் சங்கத்தின் ஆளாக. தொப்பி கையில், பேச்சில் பணிவு. குரலை உயர்த்துவதே இல்லை. நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம், வீட்டை எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்கிறார். கல்லெறிகிறவனை நமக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். கணக்கு நோட்டோடு வருகிறவரை எப்படி எதிர்கொள்வது? ஹான்ஸ்பெரி எழுதியதிலேயே கூர்மையான பாத்திரம் இவர்தான் என்பேன்.

ஹான்ஸ்பெரி கல்லையும் பார்த்தவர், கணக்கையும் பார்த்தவர். 1937இல் அவருடைய அப்பா கார்ல், சிகாகோவின் தெற்குப் பகுதியில் இப்படித்தான் ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர் கும்பல் எறிந்த கல், சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தவறியது. அம்மா இரவில் கைத்துப்பாக்கியோடு காவல் இருந்தார். கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்று அந்தப் பகுதிச் சொத்துக்காரர்கள் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம் செல்ல, தெருமுகப்பில் 95 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், உண்மையில் 54 சதவீதத்துக்குத்தான் இருந்தது. 1940இல் ஹான்ஸ்பெரி குடும்பம் ஜெயித்தது. ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்று முன்பு வேறு ஆட்களின் வழக்கில் வந்த தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற அளவில்தான் ஜெயித்தது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு வர 1948 ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே கார்ல், பெரிய வீடுகளைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக் கறுப்பர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர். யங்கர் குடும்பம் தப்பிக்க நினைப்பது அப்படியொரு நெரிசலிலிருந்துதான்.

சரி, இரண்டாவது நாடகத்துக்கு வருவோம். புரூஸ் நாரிஸின் 'கிளைபோர்ன் பார்க்', 2010. மறுவருடமே நாடகத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியது. முதல் அங்கம் 1959: யங்கர்களுக்கு வீட்டை விற்ற வெள்ளைத் தம்பதியின் கதை. வீடு மலிவாகப் போனதற்குக் காரணம், கொரியப் போரிலிருந்து திரும்பிய மகன் அங்கேதான் தூக்கு மாட்டிக்கொண்டான். லிண்ட்னர் இங்கேயும் வருகிறார். ஒரு குடும்பம் காலி செய்தால் அடுத்ததும் போகும், ஒவ்வொன்றுக்கும் மதிப்பு சரியும் என்று அதே கணக்கைப் போடுகிறார்.

ஒரு சின்னக் காட்சி. வீட்டுக்காரம்மா பெவ், வேலைக்காரப் பெண் ஃபிரான்சினிடம் ஒரு பாத்திரத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார். வேண்டாம்மா என்று அவர் மறுக்க மறுக்க, பெவ் விடுவதாயில்லை. கடைசியில் ஃபிரான்சினின் கணவர், எங்களுடைய சாமான்கள் எங்களிடம் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறார். நாடகத்தில் எத்தனையோ சத்தம் இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் உறைத்தது.

இரண்டாம் அங்கம் 2009. அதே வீடு, அதே நடிகர்கள், வேறு பாத்திரங்கள். வெள்ளைத் தம்பதி இப்போது வீட்டை வாங்கி, இடித்து, பெரிதாகக் கட்டப் பார்க்கிறார்கள். கறுப்பர் குடியிருப்பாகிவிட்ட தெருவின் சார்பில் உயரத்தைக் குறைக்கச் சொல்கிறவர், லீனா யங்கரின் உறவுப் பெண். அவர் பெயரும் லீனா. அன்றைய லிண்ட்னராக நடித்தவரே இன்று வீடு வாங்க வருகிறவர். பேச்சு மரியாதையாகத் தொடங்கி, ஆளுக்கு ஆள் கேவலமான ஜோக் சொல்வதில் போய் முடிகிறது. அரங்கம் சிரிக்கும். நானும் சிரித்தேன்.

ஆனால் நாரிஸோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஐம்பது ஆண்டில் ஆட்கள் இடம் மாறினார்கள், இரு தரப்பும் ஒன்றுதான் என்று நினைக்க வைக்கிறார். அதெப்படி? கறுப்பர் வந்தால் விலை விழும் என்பதை லிண்ட்னர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமே தன் கையேட்டில் இன ஒப்பந்தங்களைப் பரிந்துரைத்தது. அவர் பின்னால் அரசு நின்றது. இரண்டாவது லீனாவிடம் இருப்பது ஒரு மனு.