அருபாவில் ஜீப் சவாரி: மாமியாரையும் பத்து வயதுப் பையனையும் கூட்டிப் போகலாமா?

சரி, அடுத்த கேள்வி. டல்லாஸில் இருக்கும் ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார், கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். டிசம்பரில் ஃபுளோரிடாவில் குரூஸ் கப்பல் ஏறுகிறார்கள். ஒரு நாள் அருபா தீவில் நிற்கிறது, காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை. அங்கே கரடுமுரடான பாதையில் ஜீப்பில் கூட்டிப் போகும் சவாரிக்கு, கப்பல் மூலமாகவே நான்கு பேருக்கும் பதிவு செய்துவிட்டார்களாம்: அவர், கணவர், பத்து வயது மகன், விருதுநகரிலிருந்து வந்திருக்கும் மாமியார். "அத்தைக்கு 64 வயது, எப்போதாவது இடுப்பு வலி வரும், மற்றபடி நன்றாக நடப்பார். என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது, பயமில்லாமல் போகலாமா அக்கா?" இதுதான் கேள்வி.

உடுப்பு, பை எல்லாம் சொல்கிறேன் தங்கை, ஆனால் நீங்கள் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த இடுப்பு வலிதான் முதலில் பேச வேண்டியது. இடுப்பு வலி உள்ள ஒருவரை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். நன்றாக நடப்பது வேறு, மூன்று நான்கு மணி நேரம் குலுங்குவது வேறு. நடக்கும்போது நம் வேகம் நம் கையில் இருக்கும், வலித்தால் நின்றுகொள்ளலாம். ஜீப் பள்ளத்தில் விழும்போது அடி நேராக முதுகெலும்பில் வந்து இறங்கும், அதை யாரும் நிறுத்த முடியாது.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் என் அப்பா. சில வருடங்களுக்கு முன்னால் நாங்களும் இதே தீவில் இதே மாதிரி ஒரு சவாரிக்குப் போனோம். கிளம்பும் முன் வழிகாட்டி எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, முதுகு, கழுத்து, இதயம், கர்ப்பம், ஏதாவது பிரச்சினை இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு முதுகில் பழைய வலி உண்டு. எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அப்பா தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நானும் அவர் சொன்னால் சரி என்று விட்டுவிட்டேன். பின்பக்கம் நீளவாக்கில் பெஞ்ச் போட்ட ஜீப், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கால் மணி நேரத்தில் அவர் முகம் மாறிவிட்டது, அப்போதும் வாய் திறக்கவில்லை. கப்பலுக்குத் திரும்பி வந்து மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை, மிச்சமிருந்த இரண்டு தீவுகளை அவர் பால்கனியிலிருந்துதான் பார்த்தார். ஏன்பா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நான் ஒருத்தன் சொல்லி நீங்கள் எல்லோரும் போகாமல் போய்விட்டால்?" என்றார். பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், தன்னால் நின்றுபோகக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். உங்கள் அத்தையும் துறைமுகத்தில் வைத்துக் கேட்டால் நிச்சயமாக "எனக்கு ஒன்றுமில்லை கண்ணு, போகலாம்" என்றுதான் சொல்வார். அதனால் அங்கே கேட்காதீர்கள், வீட்டிலேயே கேளுங்கள், நீ வராவிட்டாலும் நாங்கள் போவோம், உனக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள், அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நான் பயமுறுத்தவில்லை என்று புரியும். அருபா சின்னத் தீவு, நீளம் சுமார் 32 கிலோமீட்டர், வெனிசுவேலா கரைக்கு ரொம்பப் பக்கம். கப்பல் நிற்கும் ஒரான்ஜெஸ்டாட், வெள்ளை மணல் கடற்கரைகள் எல்லாம் தென்மேற்குப் பக்கம், அங்கே கடல் குளம் மாதிரி இருக்கும். ஜீப்புகள் போவது எதிர்ப்பக்கம், வருடம் முழுக்கக் காற்று மோதும் வடகிழக்குக் கரைக்கு. அந்தப் பக்கம்தான் அரிக்கோக் தேசியப் பூங்கா, தீவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே தார் போட்ட சாலையும் உண்டு, ஆனால் கோன்ச்சி என்ற இயற்கைக் குளத்துக்குப் போகிற வழியைச் சாலை என்றே சொல்ல முடியாது. பாறையைப் படிப்படியாக வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும், ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது ஒரு சக்கரம் கீழே கிடக்கும். போய்ச் சேர்ந்த பிறகு குளத்துக்குப் படியிறங்க வேண்டும், வெயிலில் திரும்ப ஏறவும் வேண்டும்.

இன்னொன்று, தனியார் சவாரி தேடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், நாமே ஓட்டும் அந்தத் திறந்த பக்கி வண்டிகள் இருக்கின்றனவே, யூடிவி, ஏடிவி என்பார்கள், அவற்றைப் பூங்காவுக்குள் விடுவதில்லை. அந்த வண்டியில் கோன்ச்சி குளம் வரைக்கும் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் எந்த வழியாக என்று கேளுங்கள். பக்கி எடுக்கிறவர்கள் ஓட்டுநர் உரிமத்தின் அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள், செல்போனில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள்.

பையனுக்கு வருவோம். பத்து வயது என்றால் பெரும்பாலும் ஏற்றிக்கொள்வார்கள், ஆனால் வயது வரம்பும் உயர வரம்பும் ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு மாதிரி இருக்கும், பதிவுச் சீட்டில் பாருங்கள். நான் பார்ப்பது வேறு ஒன்று. உட்கார்ந்தால் அவன் கால் வண்டியின் தரையைத் தொடுமா? தொட்டால்தான் குலுங்கும்போது காலை ஊன்றித் தன்னைப் பிடித்துக்கொள்ள முடியும். பெல்ட் உள்ள இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் முன்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலேதான் குலுக்கல் அதிகம்.

உடுப்பு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டில் காற்றடிக்கும் காலத்தில் நடந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் புழுதியை விளக்கவே வேண்டாம். முன்னால் போகிற வண்டி கிளப்பும் செம்மண் கண், மூக்கு, காது, பல் என்று எல்லா இடத்துக்கும் போகும், வெள்ளைச் சட்டை போட்டால் அது திரும்ப வெள்ளையாகாது. பழைய, அடர் நிற, முழுக்கை பருத்திச் சட்டை போதும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துணி, ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடினாற்போல வரும் கூலிங் கிளாஸ். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். அங்கே டிவி-டிவி என்று ஒரு மரம், காற்றடித்து அடித்து ஒரே பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கும், அதைப் பார்த்தாலே காற்றின் பலம் புரியும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்குகிற எதுவும் திறந்த வண்டியில் வேண்டாம். சக்கரத்திலோ கம்பியிலோ சிக்கினால் விபரீதம். தலைமுடியையும் இறுக்கிப் பின்னிவிடுங்கள்.

காலுக்குக் கட்டாயம் மூடிய ஷூ. இதில் உங்கள் அத்தையிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அருபாவில் குவிஹி என்று ஒரு மரத்தைக் காட்டுவார்கள். அது வேறொன்றுமில்லை, நம் சீமைக்கருவேலம்! தமிழ்நாட்டில் வெளியிலிருந்து வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது, அங்கே அதுதான் மண்ணின் மரம். விருதுநகர்க்காரருக்கு அந்த முள் ரப்பர் செருப்பை என்ன செய்யும் என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதோடு எங்கே திரும்பினாலும் கள்ளி. குளத்தில் இறங்க மட்டும் தண்ணீரில் நனையும் ரப்பர் ஷூ தனியாக வேண்டும், அந்தப் பாறை கத்தி மாதிரி இருக்கும். நீச்சல் உடையைக் கப்பலிலேயே உள்ளே போட்டுக்கொண்டு கிளம்புங்கள், அங்கே மாற்ற வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். ஆக்ஸிபென்சோன் கலந்ததை 2020 ஜூலையிலிருந்து அருபாவில் தடை செய்திருக்கிறார்கள், பவளப்பாறைக்குக் கெடுதல் என்று. துத்தநாக ஆக்ஸைடு போட்டது வாங்குங்கள். காற்று குளிர்ச்சியாக அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, சாயங்காலம்தான் தோல் எரியும். எரிந்தால் கற்றாழை ஜெல் அங்கேயே கிடைக்கும், கற்றாழை அந்தத் தீவின் பழைய விவசாயம், அவர்கள் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது.

பையில் நிறைய அடைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளும் அளவு ஒரே பை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குறையக் கூடாது. கப்பல் அட்டை, ஒரு அடையாள அட்டை, கொஞ்சம் டாலர், அங்கே அமெரிக்க டாலர் எல்லோரும் வாங்குவார்கள். செல்போனை ஜிப்லாக் கவரில் போடுங்கள். ஈரத்துணி, உடம்பு துடைக்க ஒரு துண்டு, கொசு மருந்து. டிசம்பர் அங்கே மழைக்காலத்தில் வரும், பெரிய மழை இல்லை, ஆனால் பெய்தால் புழுதி சேறாகிவிடும். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: கப்பலிலிருந்து வாழைப்பழம், சாண்ட்விச் எடுத்துக்கொண்டு கரை இறங்காதீர்கள், பிரிக்காத பிஸ்கட், கடலை மிட்டாய் மாதிரி கடையில் வாங்கிய பாக்கெட் எடுத்துப் போங்கள். சைவம் என்றால் அங்கே கிடைப்பதை நம்ப வேண்டாம், காலையில் கப்பலிலேயே சாப்பிட்டுவிடுங்கள், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டு ஜீப்பில் ஏறினால் பத்தாவது நிமிடம் கஷ்டம். வாந்தி வரும் என்பவர்கள் மாத்திரையை ஏறிய பிறகு போடாதீர்கள், பிரயோஜனமில்லை, அரை மணி ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள்.

அப்புறம் நேரம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அருபாவில் வருடம் முழுக்க ஒரே நேரம். கோடையில் அது ஃபுளோரிடா நேரத்தோடு ஒத்துப்போகும், டிசம்பரில் ஃபுளோரிடாவை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. மாற்றாத கப்பலில் மணி 8 என்றால் தீவில் 9. தனியாரிடம் 9 மணிக்குப் பதிவு செய்துவிட்டுக் கப்பல் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினால், நீங்கள் போய் நிற்கும்போது ஜீப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கப்பலில் தினமும் தரும் தாளில் நேரம் போட்டிருக்கும், முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். நீங்கள் கப்பல் மூலமாகப் பதிவு செய்தது நல்லது, அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போய் வண்டி பஞ்சரானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போக வேண்டும்.

குளத்தில் இறங்குவது பற்றி. சுற்றிலும் எரிமலைப் பாறை வளையம், நடுவில் அமைதியான தண்ணீர், அந்தப் பக்கம் அலை பாறையில் மோதி மேலே எழும். பார்க்க அவ்வளவு அழகு, நான் இன்னொரு தடவை போகத் தயார். ஆனால் கடல் கொந்தளித்தால் அலை பாறையைத் தாண்டி உள்ளே விழும், அப்போது பூங்காக்காரர்கள் இறங்க விடமாட்டார்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள். பையனுக்கு நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் இறக்குங்கள், பாறை விளிம்பில் ஏறி நின்று படம் எடுக்க விடாதீர்கள். அந்த வடக்குக் கரையில் வேறு எங்கே நிறுத்தினாலும் கடலில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும். அங்கே அலை அரித்து உருவான ஒரு பெரிய பாறைப் பாலம் இருந்தது, 2005 செப்டம்பரில் அப்படியே இடிந்து விழுந்துவிட்டது. கல்லுக்கே அந்தக் கதி.

இன்சூரன்ஸ். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு நாம் எடுக்கும் விசிட்டர் பாலிசி அமெரிக்காவுக்கு வெளியே எத்தனை நாள், எந்த அளவுக்குச் செல்லும் என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கப்பலிலேயே மருத்துவர் இருப்பார், கட்டணம் அதிகம். அத்தை ஜீப்பில் ஏறாவிட்டாலும் இதைக் கேட்டு வைக்க வேண்டும்.

சரி, அத்தை அன்றைக்கு என்ன செய்வார்? அறையில் உட்கார வைக்காதீர்கள். கப்பலிலேயே ஏசி பஸ்ஸில் தீவைச் சுற்றிக் காட்டும் சவாரி இருக்கும், ஆல்ட்டோ விஸ்டா தேவாலயம், காசிபாரி பாறைகள் என்று நல்ல சாலையில் போகும், அவருடன் உங்களில் ஒருவர் போங்கள். அல்லது ஜீப் சவாரி அரை நாள்தான் என்றால் மதியம் திரும்பி வந்து, எல்லோருமாக டாக்ஸியில் ஈகிள் பீச் போங்கள். அங்கே டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது, அரசு வைத்த கட்டணம், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் ஒரு நாற்காலி, முன்னால் அலையில்லாத கடல், அத்தைக்குப் பிடிக்கும்.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் சவாரிகளைக் கிளம்பும் முன் ரத்து செய்யக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், பதிவில் போய்ப் பாருங்கள், அத்தையின் ஒரு சீட்டையும் உங்களில் யார் அவரோடு இருக்கப் போகிறீர்களோ அவருடையதையும் மாற்றிவிடலாம். அத்தையிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.