அடைச்ச பல்லுல மறுபடி சொத்தை ஏன் வருது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு நேரா விஷயத்துக்கே போயிடுறேன். சொத்தைப் பல்லை அடைச்சாச்சுன்னா இனி அந்தப் பக்கம் கிருமியே வராதுன்னு நிறைய பேர் நம்பிட்டிருக்காங்க. பல் டாக்டரா எனக்கு இதுதான் பெரிய கவலை. ஏன்னா, போட்ட ஃபில்லிங்கை எடுத்துட்டு வேற போடுறதுக்கு முக்கியமான காரணமே அதோட ஓரத்துல புதுசா வர்ற சொத்தைதான்.

இந்தப் பல்லைப் பாருங்க, பிடுங்கின கடைவாய்ப் பல். கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன். மேல வெள்ளை ஃபில்லிங் பளபளன்னு அப்படியே இருக்கு. ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு தெரியுதா? அந்த இடத்துல இந்தக் கருவியோட முனையை வைக்கிறேன்... பாருங்க, மெத்துன்னு உள்ள இறங்குது. ஃபில்லிங்குக்கு ஒண்ணும் ஆகல. அதை ஒட்டியிருந்த பல்லுதான் கரைஞ்சு போயிருக்கு.

இந்த வெள்ளை ஃபில்லிங் பேரு காம்போசிட். ரெசின்ங்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பொருள் கலந்தது. நீல வெளிச்சம் அடிச்சு இறுக வைக்கும்போது இது கன அளவுல ஏறக்குறைய 2-லேர்ந்து 3 சதவீதம் சுருங்கும். அந்த இழுப்புல ஓரத்துல நூலிழை இடைவெளி விழலாம். பாக்டீரியாவோட அளவே ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கிட்டத்தான், அதுக்கு அந்த இடைவெளி தாராளம். அதுக்கு மேல, கிருமியை எதிர்க்கிற சரக்கு எதுவும் சாதாரண காம்போசிட்ல கிடையாது. சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையைத் தின்னு அமிலம் விடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது விடுற சில என்சைம்கள் இந்த ரெசினையே கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும்னும் ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க.

பழைய வெள்ளி ஃபில்லிங், அதாவது அமால்கம், இந்த ஒரு விஷயத்துல கெட்டி. அதுலேர்ந்து கசியுற உலோக அயனிகள் கிருமிக்கு ஆகாது. நாளாக நாளாக அது அரிச்சு வர்ற பொருளே ஓரத்து இடைவெளியையும் அடைச்சுடும். ஆனா எடையில பாதி பாதரசம். அதனாலதான் பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து 2013-ல போட்ட மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கச் சொல்லுச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2025-லேர்ந்து, மருத்துவ ரீதியா தவிர்க்கவே முடியாத இடம் தவிர, நிறுத்தியே விட்டாங்க.

அடுத்து இன்னொரு வகை ஃபில்லிங், கிளாஸ் அயனோமர் சிமெண்ட். வில்சன், கென்ட்னு ரெண்டு பேர் லண்டன்ல உருவாக்கினது, 1970-களோட தொடக்கத்துல வெளிய வந்துச்சு. இதுலேர்ந்து ஃப்ளோரைடு வெளிய வரும். அந்த ஃப்ளோரைடு, கிருமி சர்க்கரையை அமிலமாக்குற வேலையைத் தடுக்கும், பல்லையும் உறுதியாக்கும். "ஃப்ளோரைடு விடுது, அப்போ கிருமியைக் கொல்லும்"னு இதை விளம்பரம் பண்ணுவாங்க. அங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

திரையில ஒரு படம் போடுறேன். கிருமி வளர்த்த அகர் தட்டு. இடது பக்கம் அப்போதான் கலந்த சிமெண்ட் வில்லை. சுத்தி ஒரு தெளிவான வளையம் இருக்குல்ல, அங்க கிருமி வளரல. வலது பக்கம் அதே சிமெண்ட், நாள் கணக்கா தண்ணியில ஊறினது. வளையமே இல்ல. கலந்த புதுசுல அதோட அமிலத் தன்மை அதிகம், முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல ஃப்ளோரைடும் ஏராளமா கொட்டும், அப்புறம் மளமளன்னு இறங்கிடும். அதனால "கிருமியைக் கொல்லும்"னு யார் சொன்னாலும் நான் கேக்குற முதல் கேள்வி, எத்தனை நாளுக்கு?

இதுக்கு விடை தேடித்தான் ஜப்பான்ல இமாசாட்டோ குழுவினர் எம்.டி.பி.பி.ன்னு ஒரு மூலக்கூறை உருவாக்கினாங்க. இது மருந்து மாதிரி கசிஞ்சு தீர்ந்து போறதில்ல. ரெசினோட சேர்ந்தே இறுகிடும், தொடுற கிருமியை மட்டும் தாக்கும். அருமையான யோசனை. ஆனா வாய்ல எச்சில் புரதம் எது மேலயும் ஒரு மெல்லிய படலமாப் படிஞ்சுடும். அது மூடினதும் கிருமிக்கும் ஃபில்லிங்குக்கும் தொடர்பு குறையுது, கொல்லுற வேகமும் குறையுது.

என்னைக் கேட்டா, கொல்லுறதை விட அடைக்கிறதுதான் முக்கியம். ஆழமான சொத்தையில நரம்புக்கு மேல இருக்கிற கடைசி மெத்துப் பகுதியை இப்போ வேணும்னே விட்டுட்டு அடைக்கிறோம். முழுசா சுரண்டினா நரம்பு திறந்துக்கும். உள்ள மாட்டின கிருமிக்கு வெளியிலேர்ந்து சர்க்கரை வராது. பட்டினியில பெரும்பாலானது செத்துடும், மிச்சம் அடங்கிடும். இது நடக்கணும்னா பல்லைச் சுத்தி ஓரம் சரியா மூடியிருக்கணும். அதனாலதான் ஃபில்லிங் போடும்போது எச்சில் படாம பல்லைக் காய வைக்க இவ்வளவு பாடுபடுறோம். அப்போ வாயை மூடிடாதீங்க, ப்ளீஸ்.

வீட்டுல நீங்க செய்யக்கூடியதும் இருக்கு. கிளாஸ் அயனோமர் தீர்ந்துபோன ஃப்ளோரைடைப் பேஸ்ட்லேர்ந்து கொஞ்சம் திரும்ப உறிஞ்சிக்கும். அதனால ஃப்ளோரைடு பேஸ்ட்ல தேய்ச்சதும் நுரையைத் துப்புங்க, உடனே தண்ணி விட்டு அலசாதீங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல ஃபில்லிங் இருக்கிறவங்க அந்த இடுக்குல தினமும் ஃப்ளாஸ், அதாவது பல் இடுக்கைச் சுத்தம் பண்ற நூல் போடுங்க, பிரஷ் அங்க போகவே போகாது. நூல் ஒரே இடத்துல சிக்கிச் சிக்கிப் பிஞ்சா, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம போய்க் காட்டுங்க.