ஆமாம், அவர் தையற்காரர்தான்

நடுவர் அவர்களுக்கும், மேடையில் இருக்கும் நண்பர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கிற காமிக்ஸ் பித்தர்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிறவியிலேயே விசித்திர சக்தியோடு வந்தவர்களின் கதை சொல்கிற மார்வெல் நிறுவனத்தின் காமிக்ஸ், எக்ஸ்-மென். அந்தத் தொடரில் நம் மனம் கவர்ந்த ஓவியர் யார் என்பது தலைப்பு. ஜாக் கிர்பி அணி பேசிவிட்டது, ஜான் பைர்ன் அணி பேசிவிட்டது, ஜிம் லீ அணி எனக்கு அப்புறம் வரும். நான் டேவ் காக்ரமுக்காக நிற்கிறேன். எழுதிக் கொண்டுவந்த பேச்சு சட்டைப்பையில் இருக்கிறது, ஆனால் அதை வெளியே எடுக்கப்போவதில்லை. ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய பைர்ன் அணி நண்பர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "காக்ரம் எங்கே ஓவியர்? அவர் ஒரு தையற்காரர். துணி தைத்துக் கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனது எங்கள் பைர்ன்." நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல வரிதான், தட்டத்தான் தோன்றும். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

சரி, தையற்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கடைக்கு வருவதற்கு முன்னால் இந்தத் தொடர் எந்த நிலையில் கிடந்தது? 1963 செப்டம்பரில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய இதழ். 1970-இல் 66-ஆம் இதழோடு புதுக்கதை நின்றுபோனது. அடுத்த ஐந்து வருடம், 67-இலிருந்து 93 வரைக்கும், பழைய கதைகளையே எடுத்து எடுத்து அச்சடித்தார்கள். இலை புதுசு, சோறு பழசு. 1975-இல் லென் வீன் எழுத, காக்ரம் வரைய, ஜெயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ் வருகிறது. அந்த அட்டை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பழைய குழுவின் படத்தைக் கிழித்துக்கொண்டு புதுக் குழு நம் முகத்துக்கு நேராகப் பாய்கிறது. பென்சிலில் வரைந்தது கில் கேன், அதன்மேல் மை தீட்டியது காக்ரம். அந்தத் தாள் கிழியாவிட்டால் இன்றைக்கு இந்த மேடையே கிடையாது.

கிர்பி அணியைச் சேர்ந்த அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிர்பியை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் இந்தக் கலைக்கே பெரியவர். ஆனால் 1963-இல் வந்த பிள்ளைகளைப் பாருங்கள். ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே பள்ளிச் சீருடை. வெளியே போகும்போது ஏஞ்சல் தன் சிறகுகளை வாரால் இறுக்கிக் கட்டிச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வான். யார் கண்ணுக்கும் படாமல் கூட்டத்தோடு கலந்துவிட முடிகிற பிள்ளைகள் அவர்கள். காக்ரம் அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்க வைத்து அளவெடுத்தார். தையற்காரர் செய்கிற முதல் வேலை அதுதானே. நாடாவைத் தோளில் வைக்கும்போதே நம்முடைய கூன், தொப்பை, ஒரு தோள் சற்று இறங்கியிருப்பது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். நம் உடம்பைப் பற்றி நமக்கே தெரியாதது அவருடைய நோட்டில் எண்ணாக இருக்கும்.

ஸ்டார்ம் எப்படி வந்தாள் என்று பாருங்கள். காக்ரம் முதலில் யோசித்து வைத்திருந்தது பூனையாக உருமாறுகிற ஒரு பெண்ணை. குழுவைத் தயார் செய்து முடிப்பதற்குள் மற்ற இதழ்களில் பூனைப் பெண்கள் நிறைய வந்துவிட்டார்கள். உடனே அந்தப் பூனைப் பெண்ணின் தோற்றத்தை எடுத்து, மழையையும் காற்றையும் ஆள்கிற இன்னொரு கற்பனையோடு சேர்த்து ஒட்டினார். தலைமுடிக்கு வெள்ளை. வெள்ளை முடி என்றால் யாரோ ஒருவருடைய பாட்டி மாதிரி தெரியுமே என்று லென் வீன் தயங்கினாராம். காக்ரம் சொன்ன பதில், என்னை நம்புங்கள் என்பது மட்டும்தான். கறுத்த முகம், நீளமான வெள்ளை முடி, கையோடு சேர்ந்து விரிகிற மேலங்கி. இதில் பாட்டி எங்கே இருக்கிறாள்? ஒரு பக்கத்தை முழுக்கக் கறுப்பாக்கி நிழல் மட்டும் காட்டினாலும், அது ஸ்டார்ம் என்று சின்னப் பிள்ளை சொல்லும். கொலாசஸ் அப்படித்தான், நைட்கிராலரும் அப்படித்தான்.

இப்போது பைர்ன் அணி நண்பருக்கு. உங்கள் துருப்புச் சீட்டு, குழுவின் ஜீன் கிரே தீயவளாக மாறுகிற டார்க் ஃபீனிக்ஸ் கதை, இல்லையா? 1980. அந்தக் கதையைப் படித்துவிட்டுத் தூங்காதவர்களில் நானும் ஒருவன். பைர்னின் கோடு, டெர்ரி ஆஸ்டினின் மை, கிறிஸ் கிளேர்மான்ட்டின் வசனம், எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜீன் கிரே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஃபீனிக்ஸாக எழுந்து வந்தது எந்த இதழில்? 101. வருடம் 1976. வரைந்தவர் யார்? காக்ரம். பச்சை உடை, பொன் நிறக் கச்சை, மார்பில் அந்தப் பறவை, எல்லாம் அவர் வடிவமைத்தது. அவள் தீயவளாக மாறியபோது உடையில் என்ன மாறியது? பச்சை இருந்த இடத்தில் சிவப்பு வந்தது. துணி அதே துணி, வெட்டு அதே வெட்டு, சாயம் மட்டும் வேறு. ஊர்வலம் போனது பைர்ன் என்றீர்கள். போகட்டும், அழகாகத்தான் போனார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை இருப்பார், பெண் இருப்பார், மாமா சித்தப்பா எல்லோரும் இருப்பார்கள், போட்டோ எடுத்தவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சட்டையைத் தைத்தவர் எந்தப் படத்திலாவது இருக்கிறாரா?

குழுவில் இருந்த வூல்வரினைத் தொடரிலிருந்து தூக்கிவிடாமல் காப்பாற்றியது பைர்ன் என்றீர்கள், அதுவும் உண்மை. கனடாவில் வளர்ந்தவர், கனடாக்காரனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முகமூடிக்குள் இருந்த முகத்தையும், இரண்டு பக்கமும் கொம்பு போல நிற்கிற அந்த முடியையும் முதன்முதலில் 98-ஆம் இதழில் நமக்குக் காட்டியது யார்? பைர்ன் அந்த முடியை ஒட்ட வெட்டவில்லையே, அப்படியே வைத்துக்கொண்டாரே.

காக்ரமின் மனசு வூல்வரினிடம் இல்லைதான். அது வேறொருவனிடம் இருந்தது. அவனைப் பற்றிச் சொல்லத்தான் நான் மேடை ஏறியதே, அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

காக்ரம் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த காலம். பசிபிக் கடலில் குவாம் தீவு. ஒரு புயல் ராத்திரி. வெளியே காற்று போடுகிற ஆட்டத்தில் எங்கேயும் போக முடியாது. வீட்டுக்குள் அவரும் அவருடைய முதல் மனைவியும் பொழுதைப் போக்க நாயகர்களைக் கற்பனை செய்து விளையாடுகிறார்கள். அப்படிப் பிறந்தவன்தான் நைட்கிராலர். அன்றைக்கு அவன் நரகத்திலிருந்து வந்த ஒரு குட்டிச் சாத்தான். கொடுத்த வேலையைச் சொதப்பிவிட்டான், திரும்பிப் போனால் அடி விழும், அதனால் பேசாமல் மனிதர்களோடு இங்கேயே தங்கிவிடுகிறான். இதுதான் கதை. அடிக்குப் பயந்து வீட்டுக்குப் போகாத பிள்ளை!

பிறகு காக்ரம் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியில் லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் என்கிற நாயகர் குழுவின் கதையை வரைந்தபோது அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். நீலக் கறுப்பு உடம்பு, மஞ்சள் கண், கைக்கு மூன்று விரல், காலுக்கு இரண்டு விரல், நுனி கூர்மையான வால். ஆசிரியர் பார்த்தார், வேண்டாம் என்றார். காரணம் என்ன தெரியுமா? பார்க்க வேடிக்கையாக இருக்கிறானாம்.

இன்னொரு தடவை சொல்கிறேன், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும். வேடிக்கையாக இருக்கிறானாம்!

நம்மில் எத்தனை பேரை இந்த ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காக்ரம் அந்தப் படத்தைக் கிழித்துப் போடவில்லை, வாலைக் குட்டையாக்கவில்லை, விரலை ஐந்தாக்கிக் கொண்டுபோய் இப்போது சரியா என்று கேட்கவும் இல்லை. அப்படியே தன்னிடம் வைத்துக்கொண்டார். அப்புறம் அதே நிறுவனத்தில் ஒரு தகராறு. சூப்பர்பாய் 200-ஆம் இதழில் லீஜியன் வீரர்கள் இருவருக்குக் கல்யாணம், அந்தக் காட்சியை இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்திருந்தார். அதன் மூலப் படத்தைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். தான் வரைந்த தாளைத்தான் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து மார்வெலுக்கு வந்தபோது இந்த வேடிக்கையானவனும் கூடவே வந்தான்.

ஜெயண்ட்-சைஸ் இதழைத் திறந்தால் முதலில் வருவது யார்? அவன்தான். ஜெர்மனியில் ஒரு கிராமம். தீப்பந்தங்களோடு ஊரே துரத்துகிறது. பந்த வெளிச்சத்தில் துரத்துகிறவர்களின் முகங்களைக் கவனியுங்கள், பற்கள் தெரிகின்றன, கண்கள் விரிந்திருக்கின்றன. சாத்தானைப் போல இருக்க வேண்டியவன் எங்கே என்று தேடினால், அந்தப் பக்கத்திலேயே பயந்துபோன மனித முகம் அவனுடையதுதான். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்கிற நேரத்தில் எக்ஸ்-மென் குழுவை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் வந்து காப்பாற்றுகிறார். என்னை மற்றவர்களைப் போல ஆக்க முடியுமா என்று அவன் கேட்கிறான். இன்று ராத்திரி இதையெல்லாம் பார்த்த பிறகுமா அவர்களைப் போல ஆக ஆசைப்படுகிறாய் என்று சேவியர் திருப்பிக் கேட்கிறார்.

எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. நண்பர்களே, எக்ஸ்-மென் கதை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் அந்த உடம்பிலேயே இருக்கிறது. மறைக்க முடியாத ஒருவன். சட்டைக்குள் வாலைச் சுருட்டினாலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? அப்படிப்பட்டவனைத்தான் காக்ரம் அந்தக் குழுவிலேயே அதிகம் சிரிக்கிறவனாக, கத்தி வீசித் தாவுகிற பழைய சாகசப் பட நாயகன் மாதிரி துள்ளுகிறவனாக வரைந்தார். உருவமைப்பு வேறு, ஓவியம் வேறு, கதை வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதில் எந்த இடத்தில் கத்தரி வைப்பீர்கள்?

பைர்ன் மாதம் தவறாமல் வரைந்தார், காக்ரம் மெதுவானவர் என்றும் சொன்னீர்கள். சரி. ஜிம் லீ அணி அடுத்து வந்து 1991-இல் தொடங்கிய புது எக்ஸ்-மென் தொடரின் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, கின்னஸ் சாதனை என்று சொல்லும். அதற்கும் சரி. கணக்கில் நான் தோற்றுவிடுகிறேன்.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

2003-இல் இரண்டாவது எக்ஸ்-மென் படம் வந்தது. தொடக்கக் காட்சியே வெள்ளை மாளிகைக்குள் நைட்கிராலர். புகையாக மறைந்து புகையாகத் தோன்றி, அத்தனை காவலர்களையும் ஒருவனாகப் புரட்டிப் போடுகிறான். உலகம் முழுக்கக் கொட்டகையில் மூச்சுவிடாமல் பார்த்தோம். அதற்கு அடுத்த வருடம் அவனைப் படைத்தவர் சர்க்கரை நோயும் நிமோனியாவுமாக நியூயார்க் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் படுத்திருந்தார். கையில் காசில்லை. அப்போது அவருக்காகக் களம் இறங்கியவர்களில் ஒருவர் நீல் ஆடம்ஸ். 1969-இல் இதே எக்ஸ்-மென்னை வரைந்தவர். இன்றைக்கு அவருக்கு ஓர் அணி இருந்திருந்தால் என் எதிரே உட்கார்ந்திருக்கும். யார் பெரியவர் என்று அவர் பார்க்கவில்லை. எழுத்தாளர் கிளிஃபர்ட் மெத்தும் அவரும் நின்று பேசினார்கள், ரசிகர்கள் கூடினார்கள், சக ஓவியர்கள் படம் வரைந்து கொடுத்தார்கள், மார்வெலும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. இப்படி அந்தத் தையற்காரருக்குக் கொஞ்சம் கூலி கிடைத்தது.

2006 நவம்பர் 26. தென் கரோலினாவில் பெல்டன் என்கிற சிற்றூர். அறுபத்து மூன்று வயது. தன் வீட்டில், தனக்குப் பிடித்த நாற்காலியில், தூக்கத்திலேயே போய்விட்டார் காக்ரம்.

பைர்ன் அணி நண்பரே, தையற்காரர் என்றீர்களே, அதனால் கேட்கிறேன். கடைசியில் அவர் என்ன உடையில் இருந்தார் என்று தெரியுமா? ஸ்டார்முக்கு மேலங்கி கொடுத்தவர், ஃபீனிக்ஸுக்குக் கச்சை கட்டியவர், தானே தைத்த எதையும் போட்டிருக்கவில்லை. சூப்பர்மேன் பைஜாமா. மேலே பேட்மேன் போர்வை. காமிக்ஸ் படித்து வளர்ந்த ஒரு சிறுவன் ராத்திரி தூங்கப் போகிற கோலம் அது.

தகனம் செய்யும்போது உடம்பில் கிரீன் லேன்டர்ன் சட்டை போட்டு அனுப்பினார்கள்.

வணக்கம்.