லைடன் இல்லை என்றால் நிம்மதியா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கிறது, மற்றக் காலைவிடச் சூடாகவும் இருக்கிறது. உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. சரி, இந்த நோய்க்கும் ஒருவர் எந்த இனம் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரிலேயே அதற்கு 'லைடன்' என்று பெயர். ரத்தம் உறைய உதவும் ஐந்தாம் காரணி என்ற புரதத்தில், 506-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில்தான் புரோட்டீன் சி என்ற இன்னொரு புரதம் கத்தரித்து உறைதலை அடக்கும். அந்த அமினோ அமிலம் மாறியிருந்தால் அங்கே வெட்டு விழாது. உறைதல் நீண்டுகொண்டே போகும். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு இந்த மாற்றம் உண்டு. ஆப்பிரிக்க, கிழக்காசிய வம்சாவளியினரிடம் அபூர்வம்.

அப்படியென்றால் கறுப்பினத்தவருக்கு ரத்தக்கட்டி குறைவாகத்தானே வர வேண்டும்? அமெரிக்கக் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு அதிகம், ஆசிய வம்சாவளியினருக்குக் குறைவு. கறுப்பினத்தவரின் ரத்தத்தில், உறைய உதவும் இன்னொரு புரதமான எட்டாம் காரணி சராசரியாகக் கூடுதலாக இருக்கிறது. சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் 'அரிவாள் செல்' மரபணுவின் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கும் நுரையீரலில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. கிழக்காசியர்களிடமோ, உறைதலை அடக்கும் புரதங்களான புரோட்டீன் எஸ், புரோட்டீன் சி ஆகியவற்றின் குறைபாடுகள்தான் முக்கியம். ஆக, 'லைடன் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால், தேடிய ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

மருந்திலும் இதே கதை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை மரபணு பார்த்து முடிவு செய்தால் என்ன என்று சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2013-இல் வெளிவந்தன. ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்ததில் மொத்தத்தில் பலன் இல்லை. கறுப்பின நோயாளிகளுக்கோ, வயது, எடை போன்றவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டதைவிட மரபணுக் கணக்கு மோசமாகவே வேலை செய்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் மரபணு வகைகளை அந்தச் சூத்திரம் பார்க்கவே இல்லை. அதைக் கணினியில் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாருடைய ரத்தத்தை வைத்துக் கற்றார்களோ, அவர்களுக்கு மட்டும் பொருந்தியது.

அமெரிக்காவில் நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டியால் இறப்பதும் கறுப்பினத்தவர்தான் அதிகம். அதற்கு மரபணுவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. காப்பீடு இருக்கிறதா, எத்தனை மணிக்கு மருத்துவமனை சேர்ந்தார், என்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இனம் என்று படிவத்தில் குறிக்கும் அந்த ஒரு கட்டத்துக்குள் மரபணுவும் வறுமையும் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

என்னிடம் நோயாளி வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான். வீட்டில் யாருக்காவது 50 வயதுக்குள் ரத்தக்கட்டி வந்திருக்கிறதா? சமீபத்தில் ஆபரேஷன், நீண்ட படுக்கை, பிரசவம் ஏதாவது? ஹார்மோன் மாத்திரை உண்டா? அப்புறம்தான் ரிப்போர்ட்டைப் பிரிப்பேன்.